காரின் உருவத்தை எவை தீர்மானித்தன?

பழைய திரைப்படம் ஒன்றின் சாலைக் காட்சியில் ஓடும் கார்களைக் கொண்டே அந்தப் படம் எந்தப் பத்தாண்டில் எடுக்கப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்னும் அளவுக்கு, மோட்டார் காரின் புறத்தோற்றம் காலத்தின் முத்திரையைத் தாங்கியே வந்திருக்கிறது. இந்த மாற்றங்களை ரசனையின் போக்கு என்றும், வடிவமைப்பாளர்களின் கற்பனை என்றும் விளக்கிவிடுவது பொது வழக்கம். ரசனைக்கும் கற்பனைக்கும் இதில் இடமுண்டு. ஆயினும் எஃகுத் தகடு எந்த அகலத்தில் கிடைத்தது, அதை எவ்வளவு ஆழமாக வளைக்க முடிந்தது, பெட்ரோல் என்ன விலைக்கு விற்றது, அரசு எந்த விதியை எழுதி வைத்தது என்பவையே ஒரு காலத்துக் கார் எப்படி இருக்கலாம் என்பதன் எல்லையை வகுத்தன. வடிவமைப்பாளரின் கைத்திறன் அந்த எல்லைக்குள் நின்றுதான் இயங்கியது.

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் உடல் என்று சொல்லத்தக்க பகுதியே கிடையாது. குழாய்ச் சட்டம், அதன்மேல் ஓர் இருக்கை, பின்னால் எஞ்சின் என்ற அளவில் அது நின்றது. 1891 வாக்கில் பிரான்சின் பனார் எ லெவாஸோர் நிறுவனம் எஞ்சினை முன்பக்கம் வைத்துப் பின்சக்கரங்களை இயக்கும் அமைப்பை உருவாக்கியபோது, முன்னால் எஞ்சின் பெட்டி, அதன் பின்னால் ஆட்கள் அமரும் பகுதி என்று நெடுங்காலம் நிலைக்கவிருந்த வரிசை பிறந்தது. உடலைக் கட்டியவர்களோ அதுவரை குதிரைவண்டி செய்துவந்த தச்சர்கள். ஆஷ் மரத்தில் சட்டகம் அடித்து, அதன்மேல் மரப்பலகையோ உலோகத் தகடோ பொருத்தி, வார்னிஷைப் பல பூச்சுகளாக ஏற்றி, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து அவர்கள் வேலை செய்ததால், ஒரு வண்டிக்கு வண்ணம் பூசி முடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று.

பெருமளவு உற்பத்தி தொடங்கியதும் இந்தக் காத்திருப்பு தாங்க முடியாத சுமையாயிற்று. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டதற்கும், மலிவாகவும் விரைவில் உலர்வதாகவும் கறுப்புப் பூச்சு இருந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1923இல் ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் ஓக்லண்ட் கார்களில் ட்யூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு முதன்முதலாகப் பயன்பட்டபோது, பல நிறங்களில் விரைந்து உலரும் வண்ணம் கிடைத்தது. கறுப்பின் ஆட்சி ரசனையால் தொடங்கவும் இல்லை, ரசனையால் முடியவும் இல்லை. இரண்டையும் செய்தது வேதியியல்.

மேற்கூரையின் கதை இதைவிட நுட்பமானது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பெரும்பாலானவை திறந்த வண்டிகளாக, மழை வந்தால் விரிக்கும் துணிக்கூரையோடு இருந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கதவும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார்களே வழக்கமாகிவிட்டன. எனினும் அந்த மூடிய கார்களின் கூரையை மேலிருந்து பார்த்தால் ஓரங்கள் மட்டுமே எஃகாகவும், நடுவில் ஒரு பெரிய செவ்வகம் மரச்சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய, நீர் புகாத துணியாகவும் இருப்பதைக் காணலாம். கூரை முழுவதையும் மூடும் அகலத்துக்குத் தகட்டை உருட்டித் தரும் ஆலைகள் அப்போது இல்லை என்பதே காரணம். அகலத் தகடு உருட்டும் ஆலைகள் வந்தபின், 1935 மாடல்களில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே தகட்டில் அழுத்திய எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. பிரம்மாண்டமான அச்சழுத்த இயந்திரத்தில் தட்டையான தகட்டைக் கிண்ணம்போல் குழிக்கும்போது கூரான மூலைகளில் அது கிழிந்துவிடும். மூலை அகன்ற வளைவாக இருந்தால் கிழியாமல் படியும், விறைப்பும் கூடும். 1930களின் கார்கள் முட்டையைப்போல் உருண்டிருந்ததற்குக் காற்றியக்க நாகரிகத்தை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்த அச்சழுத்த இயந்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

தகடு வளையத் தொடங்கிய அதே காலத்தில், அதை எப்படி வளைப்பது என்று முடிவுசெய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் நிறுவனத்துக்குள் வந்து அமர்ந்தார். ஹாலிவுட்டில் தம் தந்தையின் வண்டிப்பட்டறையில் திரை நட்சத்திரங்களுக்குத் தனிப்பட்ட கார் உடல்களை உருவாக்கிப் பழகிய ஹார்லி ஏர்ல், 1927ஆம் ஆண்டின் லசால் காரை வடிவமைத்து வெற்றிகண்டதும், ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் கலைக்கும் வண்ணத்துக்குமெனத் தனிப் பிரிவொன்றை அமைத்து அவரிடம் ஒப்படைத்தார். அவர் பரவலாக்கிய முறை களிமண் மாதிரி. மரச்சட்டகத்தின்மேல் சூடாக்கி இளக்கிய மெழுகுக் களிமண்ணை அப்பி, அது இறுகியபின் எஃகுச் சுரண்டிகளால் மெல்லிய சுருள்களாகச் சீவி, வளைவு சரியா என்று வெட்டுப்பலகையை வைத்துப் பார்த்து, இறுதியில் வண்ணம் பூசியதுபோல் பளபளக்கும் மெல்லிய படலத்தை அதன்மேல் இழுத்து ஒட்டுவார்கள். பிறகு விளக்கொளி அந்தப் பரப்பில் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். ஒளிக்கோடு எங்கேனும் நெளிந்தால் அங்கே பரப்பில் குறை உண்டு என்று பொருள். கணினி வந்தபின்னும் பெரிய நிறுவனங்கள் இந்தக் களிமண்ணைக் கைவிடவில்லை. மரமும் உலோகமும் தராத சுதந்திரத்தைக் களிமண் தந்ததால், மட்கார்டும் பானட்டும் விளக்கும் தனித்தனி உறுப்புகளாக நிற்காமல் ஒன்றோடொன்று கலந்து ஓடும் உடல் கைக்கு எட்டியது. ஆண்டுக்கொரு புதுத்தோற்றம் என்ற விற்பனைத் தந்திரமும் இங்கேதான் வேர்விட்டது. எஞ்சின் மாறாமலே வண்டி பழையதாகத் தோன்றும்படி செய்த அந்தத் தந்திரத்தைக் கலையின் பெயரால் பாராட்டுவதற்கில்லை.

காற்றைக் கணக்கில் எடுத்தவர்கள் வேறு வழியில் வந்தார்கள். ஓடும் வண்டியைக் காற்று எதிர்க்கும் விசை வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது; வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பு, வண்டி முன்னிருந்து காட்டும் பரப்பையும், உருவம் காற்றை எவ்வளவு இதமாக விலக்கிப் பின்னால் சேர்க்கிறது என்பதைக் குறிக்கும் காற்றுத்தடை எண்ணையும் பொறுத்தது. 1921இல் பெர்லின் கண்காட்சியில் எட்மண்ட் ரும்ப்லர் வைத்த நீர்த்துளி வடிவக் காரைப் பிற்காலத்தில், 1979இல், காற்றுச் சுரங்கத்தில் அளந்தபோது அதன் எண் 0.28 என்று தெரியவந்தது. இன்றைய பல கார்களே எட்டாத அளவு அது. ஸெப்பலின் ஆகாயக் கப்பல் நிறுவனத்தில் பணியாற்றிய பவுல் யாராய், நீண்டு மெலியும் வால்பகுதியே காற்றைச் சுழலவிடாமல் சேர்த்துவைக்கிறது என்று காட்டிக் காப்புரிமைகள் பெற்றார். அவற்றைத் தழுவி 1934இல் செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா டி77 வந்தது. அவ்வளவு நீண்ட வால் சாலைக்கு ஒத்துவராது என்பதால், படிப்படியாக மெலியும் வாலை உரிய இடத்தில் செங்குத்தாக வெட்டிவிட்டாலும் பெரும்பயன் கிடைக்கும் என்பதை ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த வுனிபால்ட் காம் அந்தப் பத்தாண்டிலேயே நிறுவினார்.

அமெரிக்காவில் இந்த அறிவைத் துணிந்து விற்பனைக்குக் கொண்டுவந்தது கிரைஸ்லர் நிறுவனம். 1934இல் வெளிவந்த ஏர்ஃப்ளோ காரில் எஞ்சின் முன் அச்சின்மேல் நகர்த்தப்பட்டு, பயணிகள் இரு அச்சுகளுக்கும் இடையே அமர்த்தப்பட்டதால் குலுக்கல் குறைந்தது. உடலே பாரத்தைத் தாங்கும் வலுவான கூடாக அமைந்தது. பொறியியலின்படி அது தன் காலத்தைக் கடந்த வண்டி. ஆனால் நிமிர்ந்த ரேடியேட்டரையும் தனித்து நிற்கும் விளக்குகளையும் பார்த்துப் பழகிய மக்கள் அதன் மழுங்கிய முகத்தை ஏற்கவில்லை; 1937உடன் அது நின்றது. 1936இல் ஜப்பானில் டொயோட்டா விற்பனைக்கு உருவாக்கிய முதல் காரான ஏஏ, இதே ஏர்ஃப்ளோவின் சாயலில் பிறந்தது என்பதை நோக்கும்போது, அந்தத் தோல்வி வடிவத்தின் தோல்வியாகத் தோன்றவில்லை. அறிமுகப்படுத்திய அவசரத்தின் தோல்வியாகவே தோன்றுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மட்கார்டுகள் உடலோடு முற்றிலும் கரைந்தன. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கால் வைத்து ஏறுவதற்கு இருந்த படிப்பலகை மறைந்து, அதன் அகலம் முழுவதும் உள்ளே இருக்கைக்குக் கிடைத்தது. இத்தாலியில் பினின்ஃபரீனா 1947இல் உருவாக்கிய சிசிடாலியா 202 இந்தக் கரைதலின் மிகச்சிறந்த சான்று; 1951இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைத்தது. இந்தியர் நன்கறிந்த அம்பாசடர் இந்த மாற்றம் பாதி நடந்துகொண்டிருந்த கட்டத்தில் உறைந்துபோன உருவம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் இறுதியில் வந்த அதன் பின்சக்கரத்தின்மேல் தனியே புடைத்து நிற்கும் வளைவு, மட்கார்டு தனி உறுப்பாக இருந்த காலத்தின் எச்சமாகும். முகப்பும் விளக்குகளும் சிறிது சிறிதாக மாறினாலும், போட்டி இல்லாத சந்தையில் அந்த அச்சுகளை மாற்றவேண்டிய தேவை எழாததால், 2014இல் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை அந்தப் புடைப்பு அப்படியே நீடித்தது.

போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தில் அமெரிக்கா செல்வச் செழிப்பின் உச்சத்தில் இருந்தது. லாக்ஹீட் பி-38 போர்விமானத்தின் இரட்டை வாலைக் கண்டு கவரப்பட்ட ஏர்லின் குழு, 1948 கேடிலாக்கின் பின்மட்கார்டில் சிறு துடுப்புகளை எழுப்பியது. ஆண்டுதோறும் உயர்ந்த அவை 1959 கேடிலாக்கில் உச்சத்தைத் தொட்டு, 1960களின் நடுவில் மறைந்தன. அவற்றால் பயணிக்குக் கிடைத்த பயன் ஏதுமில்லை.

ஐரோப்பாவில் நெருக்கடியே ஆசிரியராக இருந்தது. சூயஸ் கால்வாய்ச் சிக்கலால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபின், அலெக் இசிகோனிஸ் 1959இல் உருவாக்கிய மினி காரில் எஞ்சின் குறுக்குவாட்டில் திருப்பி வைக்கப்பட்டது. இதனால் ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள வண்டியில் பெரும்பகுதி ஆட்களுக்கே கிடைத்தது. இன்று ஓடும் சிறிய கார்களில் மிகப்பெரும்பாலானவை இந்த அமைப்பின் வழிவந்தவையே. அதே ஆண்டு பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. முழு உடலையும் ஒன்றாக அழுத்தித் தரும் ஆலை கைக்கு எட்டாததால், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலோட்டி வரைந்த உடலைத் துண்டு துண்டாகச் செய்து தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு இணைத்தார்கள். பானட்டும் இருபுற மட்கார்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து முன்னோக்கிச் சாய, எஞ்சின் முழுவதும் திறந்து கிடக்கும் அந்த அமைப்பு மெக்கானிக்குகளுக்குப் பெரும் வசதி. பெரிய அச்சழுத்த ஆலை இல்லாத நாடுகளிலும் இதை இணைத்து உருவாக்க முடியும் என்பதால், 1960களில் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. நான்கு கதவு கொண்ட வகையும் இங்கு உருவானது.

1960களின் இறுதியில் வளைவுகள் சலித்து, காகிதம் மடித்ததுபோன்ற நேர்க்கோடுகள் தலையெடுத்தன. மார்செல்லோ காண்டினி வரைந்த ஆப்பு வடிவ லம்போர்கினி கூன்டாஷ் 1971இல் ஜெனீவாவில் காட்டப்பட்டபோது உலகம் வியந்தது. ஆயினும் சாதாரண மக்களின் வாழ்வை மாற்றியவர் ஜார்ஜெட்டோ ஜூஜாரோதான். வட்டமான வோக்ஸ்வாகன் பீட்டிலின் இடத்துக்கு அவர் வரைந்து 1974இல் வந்த கால்ஃப், பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் கதவு கொண்ட, மடிப்புகள் தெளிந்த பெட்டி. 1980இல் வந்த ஃபியட் பாண்டாவில் கண்ணாடிகள் அனைத்தும் தட்டையானவை. வளைந்த கண்ணாடிக்கு ஆகும் செலவு அதனால் மிச்சமாயிற்று.

1983 டிசம்பரில் இந்தியச் சாலைக்கு வந்த மாருதி 800 இந்தப் பெட்டி வடிவத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், அதன் ஒடுங்கிய உடலுக்குக் காரணம் வேறு. ஜப்பானில் கெய் எனப்படும் சிறுவண்டிப் பிரிவுக்கு வரிச்சலுகை உண்டு. அப்போதைய விதிப்படி அந்த வண்டி 3.2 மீட்டர் நீளத்தையும் 1.4 மீட்டர் அகலத்தையும் தாண்டக்கூடாது. அந்தச் சட்டத்துக்குள் அடங்கும்படி சுசூகி செய்த உடலில் பெரிய எஞ்சினைப் பொருத்தியதே மாருதி 800. ஒரு நாட்டு வரிவிதி இன்னொரு நாட்டு நடுத்தரக் குடும்பம் எவ்வளவு நெருங்கி உட்கார வேண்டும் என்பதை இப்படித் தீர்மானித்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானதும், யாராயும் காமும் சொன்னவை மீண்டும் தேவைப்பட்டன. 1982இல் வந்த ஆடி 100 காரில் கண்ணாடிகள் கதவுத் தகட்டோடு சமமாகப் பதிக்கப்பட்டுக் காற்றுத்தடை எண் 0.30 எட்டப்பட்டது; தூக்கி நின்ற குரோமியப் பம்பர் போய், உடலின் நிறத்திலேயே வார்த்த பிளாஸ்டிக் பம்பர் பரவலாயிற்று. முகப்பு விளக்குகளின் உருவத்தையும் விதியே பிடித்துவைத்திருந்தது. 1940 முதல் அமெரிக்காவில் விளக்குகள் குறிப்பிட்ட அளவுள்ள, முத்திரையிட்ட வட்டக் கண்ணாடிகளாகவே இருக்கவேண்டியிருந்தது. செவ்வக வகை 1970களின் நடுவிலும், உடலின் வளைவுக்கேற்ப வார்த்த வகை 1983இலும்தான் அனுமதிக்கப்பட்டன. இன்று விளக்கு எந்த வளைவிலும் வார்க்கப்படுவது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கினால். சில ஆண்டுகள் வெயிலில் நின்ற கார்களின் விளக்குகள் மஞ்சள் படர்ந்து மங்குவதற்கும் அதே பொருள்தான் காரணம்.

வளைவை வரையும் முறையும் மாறிவிட்டது. சித்ரோயென் நிறுவனத்தில் பால் த காஸ்டல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பியர் பெஸியேயும் கார் உடலின் வளைவுகளை இயந்திரத்துக்குச் சொல்லும் கணித முறையைத் தனித்தனியே உருவாக்கினார்கள். இன்று கணினித் திரையில் தமிழ் எழுத்துகளின் வளைவுகளை வரைவதும் பெஸியேயின் பெயரால் வழங்கும் அதே முறைதான்.

கடந்த கால் நூற்றாண்டில் உருவத்தை மிகுதியும் மாற்றியது பாதுகாப்பு. மோதப்பட்ட பாதசாரியின் தலை பானட்டில் விழும்போது, தகட்டுக்குக் கீழே உடனே எஞ்சினின் கடினமான பகுதி இருந்தால் காயம் உயிருக்கே உலைவைக்கும் என்பதால், இடைவெளி விடும்படி பானட் உயர்த்தப்பட்டது. வண்டி கவிழ்ந்தாலும் கூரை நசுங்காதிருக்கக் கண்ணாடியோரத் தூண்கள் பருத்தன. பக்கமோதலைத் தாங்கக் கதவின் தகடு உயர்ந்து ஜன்னல் சிறுத்தது. இதனால் உயிர்கள் காக்கப்பட்டாலும், திருப்பத்தில் வரும் சைக்கிள்காரரை அந்தப் பருத்த தூண் மறைப்பதும் உண்மை. மின்சாரக் கார்களில் தரைக்கடியில் பேட்டரி அடுக்கப்படுவதால் உடல் மேலும் உயர்ந்து, அந்த உயரம் பருமனாகத் தெரியாதிருக்கப் பெரிய சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. குளிர்விக்கும் காற்று குறைவாகவே தேவை என்பதால் முகப்பின் கம்பிவலைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

இந்தியாவில் இன்றைய உருவத்தை ஆள்வது நான்கு மீட்டர் என்னும் எண். 1998இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ, குறுகிய நீளத்துக்குள் ஆட்களை நிமிர்த்தி உட்காரவைத்து உயரத்தில் இடம் தேடும் வழியை முன்பே காட்டியிருந்தது. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, நீளம் 4,000 மி.மீ. தாண்டாமலும், எஞ்சின் பெட்ரோலுக்கு 1,200, டீசலுக்கு 1,500 கன சென்டிமீட்டர் தாண்டாமலும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. 2008இல் 4,160 மி.மீ. நீளத்தில் வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் புதுவடிவம் பெற்றபோது 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது; குறைந்த நீளத்தின் பெரும்பகுதி டிக்கியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை வண்டியைப் பக்கவாட்டில் பார்க்கும் எவரும் அறியலாம். பின்கண்ணாடி சரிந்து இறங்கும் முன்பே டிக்கி முடிந்து, பின்முகம் சுவராக நிற்கிறது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் அறிவிக்கப்பட்ட நீளம் 3,999 மி.மீ.

நெரிசல் மிகுந்த இந்திய நகரங்களில் சாலையிடத்தையும் நிறுத்துமிடத்தையும் மிச்சப்படுத்தியதால் இந்த விதிக்கு நியாயம் உண்டு. ஆனால் எரிபொருள் சிக்கனத்துக்கு நீளம் சரியான அளவுகோல் அன்று. நீளத்தில் இழந்த இடத்தை உயரத்தில் ஈடுகட்டும்போது காற்றை எதிர்கொள்ளும் முன்பரப்பு கூடுகிறது. காற்றுக்கு மிகவும் உதவும் மெலிந்திறங்கும் வாலையே விதி முதலில் வெட்டுகிறது. உயரமும் எடையும் கூடிய 3,990 மி.மீ. எஸ்.யு.வி. சலுகை பெற, அதைவிட இலேசான, தாழ்ந்த, சற்றே நீண்ட கார் அதை இழக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் பெரியவற்றுக்கு 40 விழுக்காடும் விதிக்கப்பட்டபோதும், எல்லைக்கோடு அதே 4,000 மி.மீ. ஆகவே நின்றது. அடுத்த முறை இந்த விதி திருத்தப்படும்போது, வண்டியின் எடையும் கிலோமீட்டருக்கு அது செலவிடும் எரிபொருளும் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.